வீட்டில் ஃபியூவல் ஃபில்டர் மாற்றுவது: பெட்ரோலுக்கும் டீசலுக்கும்

கேள்வி இதுதான்: சமதரையில் நன்றாக ஓடும் கார், ஏற்றத்திலும் வேகமெடுக்கும்போதும் திணறுகிறது. ஃபியூவல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்கிறார்கள். அதை வீட்டிலேயே மாற்றலாமா, பழையதையே கழுவிப் போடலாமா, அப்புறம் அதை எப்படிப் பராமரிப்பது?

மாற்றலாம். கழுவிப் போடக் கூடாது. ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியில் ஃபில்டர் எங்கே இருக்கிறது, எந்த வகை என்று பாருங்கள். வேலை எளிதா, கடினமா, வீட்டில் செய்யக் கூடாததா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

கார்புரேட்டர் பைக்கிலும் பழைய கார்களிலும் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஹோஸில் செருகிய சிறு பிளாஸ்டிக் ஃபில்டர் இருக்கும். இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு பல பெட்ரோல் கார்களில் அது உலோக டப்பாவாக மாறி, வண்டிக்கு அடியில் டேங்க் பக்கமாகப் போய்விட்டது. இப்போது வரும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் டேங்குக்குள் பம்புடன் சேர்ந்தே இருக்கிறது. டீசல் வண்டியில் பெரும்பாலும் பானட்டைத் திறந்தாலே தெரியும் இடத்தில், ஒரு டம்ளர் அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும். உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் ஃபியூவல் ஃபில்டர் என்று ஒரு வரியே இல்லையென்றால், அது டேங்குக்குள் இருக்கும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வகையை வீட்டில் கழற்ற நான் யாருக்கும் சொல்வதில்லை. பின் சீட்டைத் தூக்கி, டேங்கின் வாயைத் திறந்து, பெட்ரோல் ஆவி காருக்குள்ளேயே நிறையும்படி செய்கிற வேலை அது. சீல் சரியாக உட்காராவிட்டால் ஆவி பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, குற்றவாளி ஃபில்டர்தானா என்பது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் எரிபொருள் மிகக் குறைவு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் தேவை பல மடங்கு கூடும். பாதி அடைத்த ஃபில்டர் முதலாவதற்குப் போதுமானதை விட்டுவிடும், இரண்டாவதற்கு விடாது. அதனால்தான் நின்றால் சரியாக இருக்கிறது, பாரம் ஏறினால் பிக்கப் போகிறது. உங்கள் அறிகுறி இதோடு பொருந்துகிறது. ஆனால் பலவீனமான ஃபியூவல் பம்ப், அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்குப் படிந்த காற்றளவு சென்சார், தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) எல்லாமும் இதே மாதிரிதான் இருக்கும். கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள். வெளியே இருக்கும் பெட்ரோல் ஃபில்டருக்குப் பல கையேடுகள் 40,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை சொல்கின்றன. டீசலுக்கு 20,000 முதல் 40,000 வரை. அந்தக் கணக்கைத் தாண்டியிருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் ஃபில்டரை மாற்றுவது வீண் செலவல்ல. போன சர்வீஸில்தான் மாற்றியது என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

இந்த வேலையில் மனதில் ஆழமாகப் பதிய வேண்டியது ஒன்று உண்டு. ஃபில்டருக்கு முந்தைய பக்கத்தில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் அதைப் பிடிக்கத்தான் ஃபில்டர் இருக்கிறது. பிந்தைய பக்கத்தில் உங்கள் கையால் விழும் தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் உயரழுத்த டீசலைத் தேக்கிக் கொடுக்கும் இன்றைய வகை) டீசல் இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அதனால் டீசல் ஃபில்டர்கள் 5 மைக்ரான் அளவுத் துகளைக்கூடப் பிடிக்கும்படி செய்யப்படுகின்றன. அழுக்கு விரலாலோ நூல் உதிரும் துணியாலோ வெளிவாயைத் தொட்டால் புது ஃபில்டர் போட்ட பயனே போய்விடும். ஆகவே கழற்றுவதற்கு முன் ஃபில்டரைச் சுற்றியுள்ள மண், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் பிரஷ்ஷாலும் துணியாலும் துடைத்தெடுங்கள். புது ஃபில்டரின் வாய்களில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிகளை, மாட்டப் போகும் அந்த நிமிடம் வரை கழற்றாதீர்கள்.

தீயைப் பற்றி விளக்கமாகவே சொல்ல வேண்டும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கிறது. சாதாரண வெப்பநிலையில் அது எப்போதும் ஆபத்துதான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி, எங்கோ எரியும் அடுப்பு வரைகூடப் போகும். எனவே மூடிய கராஜிலும் சர்வீஸ் பள்ளத்திலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். திறந்த வெளியில், சமதரையில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு செய்யுங்கள். சூடாகும் குண்டு பல்பு கை விளக்காக வேண்டாம், எல்இடி டார்ச் போதும். பொடி வகை தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை இரண்டும் போடுங்கள். அடியில் படுத்து வேலை செய்யும்போது முதல் துளி முகத்தில்தான் விழும். வண்டியைத் தூக்க வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். டீசல் தீப்பற்றப் பெட்ரோலைவிட மிக அதிகமாகச் சூடாக வேண்டும் என்பதால் கொஞ்சம் சாதுதான், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டினால் அதுவும் எரியும்.

இப்போது வெளியே இருக்கும் பெட்ரோல் ஃபில்டர். இன்ஜெக்‌ஷன் காரின் லைனில் 3 முதல் 4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தம் இருக்கும். இன்ஜினை நிறுத்திய பிறகும் அது மணிக்கணக்கில் அப்படியே நிற்கலாம். அழுத்தத்தை இறக்காமல் ஹோஸைப் பிடுங்கினால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். ஃபியூஸ் பெட்டியில் ஃபியூவல் பம்பின் ஃபியூஸையோ ரிலேவையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். இன்னும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்தால் மிச்சமும் இறங்கும். டேங்க் மூடியை ஒருமுறை திறந்து உள்ளழுத்தத்தை விட்டு மூடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் செல்ஃப் அடிக்க முடியாது. இவ்வளவு செய்தும் கொஞ்சம் பெட்ரோல் ஃபில்டருக்குள் இருக்கத்தான் செய்யும். கீழே ஒரு தட்டு வைத்து, இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள்.

பலருக்கு வேலை சிக்கிக்கொள்வது இணைப்பில்தான். பிளாஸ்டிக் கிளிப் உள்ள குவிக் கனெக்டர் என்றால், பைப்பை முதலில் ஃபில்டர் பக்கமாக அழுத்தி, இரண்டு பக்கமும் சற்றே திருகி, உள்ளே சிக்கிய மணலை விடுவித்து, பிறகு கிளிப்பை அமுக்கி இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் கிளிப் உடையும். பல ஆண்டு வெயிலும் சூடும் பட்ட பிளாஸ்டிக் உடைவதற்குக் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஸ்க்ரூ இணைப்பு என்றால் இரண்டு ஸ்பேனர் தேவை, ஒன்று ஃபில்டரைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் திருப்பினால் பைப் முறுக்கிக்கொள்ளும். செம்பு வாஷர் இருந்தால் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை ஒழுங்காக சீல் ஆவதில்லை. ரப்பர் ஹோஸாக இருந்து அதில் வெடிப்போ விறைப்போ தெரிந்தால் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். அப்போது சாதாரண பெட்ரோல் ஹோஸ் கூடாது. இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கான, எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வேண்டும். கிளாம்பும் அதற்கேற்றதாக, விளிம்பு உருண்டதாக இருக்க வேண்டும். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் ஹோஸுக்குள் மெல்ல வெட்டிக்கொண்டு இறங்கும்.

ஃபில்டரின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். எரிபொருள் போகும் திசை அது. டேங்கிலிருந்து இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சின்ன ஒயர் ஃபில்டரிலோ அதன் பிடிப்பானிலோ மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது எதற்கு என்று தெரியாமல் தொங்கவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஃபில்டர் தாளுக்குள் பெட்ரோல் வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. அதை வண்டியின் பாடிக்குக் கடத்தத்தான் அந்த எர்த் ஒயர். அதைத் திரும்ப மாட்டாவிட்டால் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே பொறி பறக்க வழி விடுகிறீர்கள்.

குவிக் கனெக்டரின் முனையில் ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, கிளிக் சத்தம் கேட்கும் வரை தள்ளுங்கள். அப்புறம் இழுத்துப் பாருங்கள். கிளிக் கேட்டதே என்று இழுக்காமல் விடாதீர்கள். ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டிவிட்டு, உடனே ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் இரண்டு மூன்று விநாடி வைத்து ஆஃப் செய்யுங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் பம்ப் லைனை நிரப்பி அழுத்தத்தை ஏற்றிவிடும். இந்த நேரத்தில் கீழே குனிந்து இணைப்புகளைப் பாருங்கள், காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் துளியும் இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து, ஓடும்போதும் மறுபடி பாருங்கள். ஒரு சின்னச் சுற்று போய் வந்த பிறகு மூன்றாவது முறை. பெட்ரோல் வாசனை வந்தால், கசிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

கார்புரேட்டர் பைக்குக்கு இவ்வளவு சடங்கு இல்லை. பெட்ரோல் டேப்பை மூடி, இரண்டு கிளிப்பை நகர்த்தி, ஃபில்டரை உருவி, அம்பு பார்த்துப் புதியதைச் செருகினால் முடிந்தது. ஹோஸ் முனை விறைத்திருந்தால் ஒரு விரற்கடை வெட்டிவிட்டு மாட்டலாம், நீளம் போதுமென்றால். ஓடும்போது அந்த ஃபில்டர் பாதி காலியாகத் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம், மேலே காற்று நிற்பது இயல்பு. இன்ஜெக்‌ஷன் பைக்கில் ஃபில்டர் பெரும்பாலும் டேங்குக்குள் பம்போடு இருக்கிறது. அதற்குக் கார்புரேட்டர் பைக்கின் சின்ன ஃபில்டரை லைனில் சேர்த்துவிடும் யோசனை சிலர் சொல்வார்கள். அந்த பிளாஸ்டிக் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

டீசலில் தீயைவிடக் காற்றும் தண்ணீரும்தான் பெரிய விஷயம்.

டீசல் ஃபில்டர் அழுக்கைப் பிடிப்பதோடு தண்ணீரையும் பிரிக்கிறது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் ஃபில்டரின் அடியில் போய்ச் சேரும். அங்கே ஒரு வடிகால் திருகு இருக்கும், பல வண்டிகளில் தண்ணீர் சென்சாரும் இருக்கும். டீசல் வெறும் எரிபொருள் மட்டுமல்ல, உயரழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அதுவே எண்ணெய். தண்ணீர் கலந்தால் அந்த வழுவழுப்புப் போய் உலோகம் உலோகத்தோடு உரசும், துரு பிடிக்கும், சூடான இன்ஜெக்டர் முனையில் நீராவியாகி அதைச் சிதைக்கவும் செய்யும். டாஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அடியில் பாத்திரம் வைத்து, திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும் வரை வடியுங்கள். வடித்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும்.

மாற்றும்போது முதலில் இப்படி வடித்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். சென்சார் இருந்தால் ஒயரைப் பிரித்து, பழைய ஃபில்டரிலிருந்து கவனமாக எடுத்துப் புதியதில் மாட்ட வேண்டியிருக்கும். பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் கசிவு நிச்சயம். புது வளையத்தில் சுத்தமான டீசல் தடவிக் கையாலேயே திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஃபில்டரின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் முக்கால் சுற்று. இறுக்குவதற்கு ஃபில்டர் ஸ்பேனர் வேண்டாம்.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டும் வழக்கம் உண்டு. பழைய இன்ஜினுக்கு அது பரவாயில்லை. காமன் ரெயிலுக்கு வேண்டாம். நடுத்துளை வழியாக ஊற்றுவது வடிகட்டிய பக்கத்தில் வடிகட்டாத டீசலை ஊற்றுவதாகும். காலியாக மாட்டிவிட்டு பம்பால் நிரப்புவதுதான் சரி. ஃபில்டரின் தலையில் அமுக்கும் பொத்தானோ லைனில் ரப்பர் குமிழோ இருந்தால், கை வலிக்க அது கெட்டியாகும் வரை அமுக்குங்கள். ஏர் எடுக்கும், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும், திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்போது மூடுங்கள். டேங்கில் மின்பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன்-ஆஃப் செய்வதே போதும். சில வண்டிகளில் ஸ்கேன் கருவி வைத்துத்தான் பம்பை ஓட்ட முடியும். கையேட்டில் அப்படி இருந்தால் வீட்டில் தொடங்காதீர்கள். ஏர் எடுக்காமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் உயரழுத்தப் பம்ப் எண்ணெயில்லாமல் காய்ந்து ஓடும், ஒரு ஃபில்டருக்காகப் பம்பே போகும். செல்ஃப் ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது இடைவெளி கொடுங்கள்.

பழைய டீசல் வண்டியில் ஏர் பிடித்தால் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் ஓடும்போது 1,500 பாருக்கு மேல் போகும் அழுத்தம். ஊசித்துளை அளவில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் உள்ளே திசு அழிந்துகொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், உயரழுத்த டீசல் உடம்புக்குள் போயிருக்கிறது என்று சொல்லுங்கள். அது அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

மாற்றிய பிறகு ஒரு விசித்திரமான தொந்தரவு வரலாம்: காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஆனால் எங்கேயும் ஒரு சொட்டு டீசல் வெளியே இருக்காது. பம்ப் டீசலை உறிஞ்சும் வகை என்றால் ஃபில்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. சீல் சரியில்லாத இடத்தில் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபில்டருக்குப் பின்னால் தற்காலிகமாக ஒரு டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் போட்டுப் பார்த்தால் குமிழ்கள் ஓடுவது தெரியும். ரப்பர் வளையத்தையும் வடிகால் திருகையும் மறுபடி சரிபாருங்கள், பெரும்பாலும் அங்கேதான்.

கழுவும் கேள்விக்கு வருகிறேன். உள்ளே இருப்பது மடிப்பு மடிப்பான தாள். அழுக்கு அதன் மேலே மட்டும் படிவதில்லை, இழைகளுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது. பெட்ரோல் ஊற்றிக் கழுவினாலும் காற்றடித்தாலும் அது போகாது. தாள் எங்காவது கிழிந்தால் அடைப்பு நீங்கியதுபோல் வண்டி நன்றாக ஓடும், அழுக்கு நேராக இன்ஜெக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும். கழுவலாம் என்றால் அது பெட்ரோல் டேப்பில் இருக்கும் கம்பி வலை மாதிரியானவற்றை மட்டும்தான்.

கழற்றியதை உடனே தூக்கிப் போடாதீர்கள். உள்வாய் வழியாக, அதாவது டேங்க் பக்க வாய் வழியாக, உள்ளிருப்பதை ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் வந்தால் டேங்க் துருப்பிடிக்கிறது. டீசலில் கறுத்த வழுவழுப்பான பசை வந்தால் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. டேங்கைச் சுத்தம் செய்யாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் சீக்கிரமே திரும்ப அடைக்கும். மினுமினுக்கும் உலோகத் துகள் வந்தால், டேங்கிலுள்ள பம்போ, டேங்குக்குத் திரும்பும் லைன் வழியாக உயரழுத்தப் பம்போ தேய்ந்து உதிர்கிறது. அதைப் பார்த்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனைக்காகவே வீட்டில் மாற்றுவது எனக்குப் பிடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் மாற்றினால் பழைய ஃபில்டரை நீங்கள் பார்ப்பதே இல்லை.

வடித்த எரிபொருளை சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஃபில்டரோடு சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காய விடுங்கள்.

பராமரிப்பு என்று தனியாகப் பெரிதாக எதுவும் இல்லை. டீசல் வண்டியில் ஒவ்வொரு சர்வீஸிலும் தண்ணீர் வடியுங்கள். டேங்கை எப்போதும் காலியாகும் அளவுக்கு ஓட்டாதீர்கள், டேங்குக்குள் பம்ப் இருந்தால் அதைக் குளிர வைப்பதே அந்த எரிபொருள்தான். சாதா டீசலிலிருந்து உயிரி டீசல் கலவைக்கு மாறினால் முதல் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கலாம். டேங்கில் பல வருடமாகப் படிந்ததை அது கரைத்துக் கொண்டுவரும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைப்பதும் உண்டு, அதற்குக் குளிர்கால டீசல்தான் தீர்வு, புது ஃபில்டர் அல்ல. மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் அதே ஏற்றத்தில் அதே திணறல் இருந்தால், அடுத்து வாங்க வேண்டியது இன்னொரு உதிரிப்பாகம் அல்ல. பெட்ரோல் வண்டியென்றால் லைனில் அழுத்தமானி மாட்டி, பாரத்தோடு ஓடும்போது அழுத்தம் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விழுந்தால் பம்ப் பக்கம், நிலையாக நின்றால் காற்று, பிளக், எக்ஸாஸ்ட் பக்கம் போக வேண்டும். டீசலென்றால் ஸ்கேன் கருவியில் ரெயில் அழுத்தம் கேட்ட அளவும் கிடைத்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் ஏற்றத்தில் விலகுகிறதா என்று பாருங்கள்.